டகோட்டாவின் கதவுப் பக்கம்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் இருந்த ஜஹனாராவின் எஸ்.டி.டி. பூத்துக்கு நான் முதலில் போனது போன் பேச இல்லை, ஒயருக்காக. டெலிபோன் கேபிளை உரித்தால் உள்ளே மெல்லிய செம்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு நிற உறையோடு இருக்கும். லைன்மேன் வெட்டிப் போட்டுவிட்டுப் போன துண்டு ஒன்று அவர் மேஜைக்கு அடியில் கிடந்தது. கேட்டேன்.

"இத்த வெச்சி இன்னா பண்ணப் போறீங்க சார்?"

"பிளேனுக்கு ஒயரிங் பண்ணணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கல்பாக்கத்து ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன் என்று அவருக்குத் தெரியும். அங்கே பிளேன் ஏது என்று கேட்டார். அது ஆபீஸ் வேலை இல்லை, என் வேலை என்று விளக்கினேன். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் கிட். பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்ட வேண்டும். விமானத்தின் உடம்பு இடது பாதி, வலது பாதி என்று இரண்டாக இருக்கும். உள்ளே வைக்க ஒரு நாற்காலியும் ஒரு குச்சியும் மட்டுமே கொடுத்திருப்பான். பெல்ட், ஒயர், முள்ளுள்ள மீட்டர், சுவரில் ஓடும் குழாய், இதெல்லாம் நாமே கையால் செய்து சேர்ப்பது. எனக்கு அதில்தான் ருசி. ராமானுஜத்துக்குப் பைத்தியம் என்று குவார்ட்டர்ஸில் சொல்வார்கள்.

கேட்டுக்கொண்டே இருந்தவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"டகோட்டா வருமா சார், அந்தப் பெட்டில?"

அந்தப் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் வியந்ததை அவர் கவனிக்கவில்லை. பூத்துக்குள் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார்.

அவர் கணவர் அப்துல் அஹத் விமானம் ஓட்டுகிறவர் அல்ல. தனியார் சர்வே கம்பெனி ஒன்றில் கருவி பார்ப்பவர். நிலத்துக்கும் கடலுக்கும் அடியில் என்ன கனிமம் இருக்கிறது என்று ஆகாயத்திலிருந்தே அளக்கிற வேலை. இரண்டு எஞ்சின் கொண்ட பழைய டகோட்டா விமானம் ஒன்றில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, கோடு போட்டதுபோலக் கரையோரமாகப் போவதும் வருவதுமாக இருப்பார்கள். எண்பத்து நாலில் ஒரு நாள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே எஞ்சின் நின்று விமானம் கடலில் இறங்கியது. உடையவில்லை. கொஞ்ச நேரம் மிதந்தது. முன்னால் இருந்த பைலட்டுகள் இருவரும் தலைக்கு மேலிருந்த திறப்பு வழியாக வெளியே வந்தார்கள். மீன்பிடிக்க வந்தவர்கள் கரை சேர்த்தார்கள். பின்னால் தனியாக இருந்தவர் அஹத். அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"கதவாண்டதான் உக்காந்திருந்தாராம் சார். கைய நீட்னா தாப்பா. அப்பறம் ஏன் வர்ல?"

பூத்திலிருந்து வெளியே வந்தவருக்கு பில் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அன்னிக்குக் காலைல சண்ட. இந்த வேலய வுட்டுடுன்னு நான் கத்தறேன், அவரு சட்ட போட்டுகினு கெளம்பறாரு. 'போறதானா அப்படியே போ, திரும்பி வராத'ன்னுட்டேன். மாமி கேட்டுகினு நின்னாங்க."

மாமி என்றது மாமியாரை. செய்தி வந்த பிறகு அஹத்தின் அண்ணன் ஷேக் தாவூத் கம்பெனிக்காரர்களிடம் விசாரித்துவிட்டு வந்து, வீடு நிறைய ஆள் இருக்கும்போது சொன்னாராம்: "கதவு அவன் பக்கத்துலதான் இருந்துச்சு. வர மனசில்லாமதான் வர்ல." அதோடு சரி. ஜஹனாரா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதுப்பட்டினத்துக்கு வந்துவிட்டார். செங்கல்பட்டில் இருந்த மாமியார் வீட்டில் பெருநாளுக்குக் குழந்தையை மட்டும் கூப்பிடுவார்கள். இவர் வாசல் வரை கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் போய் அழைத்து வருவார். இந்த வருஷம் பெருநாள் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது மகள் ஜன்னா அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்: "அம்மா, அத்தாவ நீதான் வராதன்னு சொன்னியா?"

"பதிமூணு வயசு சார் அவளுக்கு. நான் இன்னா சொல்றது? பஸ்ல அம்மாம் ஜனம். ஜன்னல பாத்துகினே வந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு தபா அந்த எடத்த நான் பாக்கணும். அவரு எங்க உக்காந்தாரு, கதவு எங்க கீது. அவ்ளோதான்" என்றார்.

டகோட்டா கிட் எங்கள் செக்‌ஷனில் இருந்த ஒருவரின் மைத்துனர் மூலமாக சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தது. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. அந்த அளவில் ஒரு ஆள் கட்டை விரலின் பாதியைவிடக் கொஞ்சம் உயரம். "போதும் சார்" என்றார் ஜஹனாரா. கூடவே, சட்டம் போட்ட பெரிய போட்டோ ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர், விமானம் தரையில் நின்றபோது உள்ளே எடுத்தது. விபத்துக்குப் பிறகு அவர் கொடுத்த நெகடிவை தாவூத் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, ஒன்றைத் தன் வீட்டு ஹாலில் மாட்டி, ஒன்றைத் தம்பி மனைவிக்கு அனுப்பியிருந்தார்.

விமானத்தின் வால் பக்கம் நின்று, மூக்கைப் பார்த்து எடுத்த படம். தூரத்தில் காக்பிட்டின் சின்னக் கதவு. படத்தின் இடப்பக்கச் சுவரை ஒட்டி அஹத் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எதிரே, தரையின் நடுவில், ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு ரேக். அதில் மீட்டர்களும் காகிதச் சுருளும். டகோட்டாவுக்கு வாசல் ஒன்றுதான். அது இடது பக்கம், வாலுக்குக் கிட்டே. அஹத் உட்கார்ந்திருப்பதும் இடது பக்கம், வாலுக்குக் கிட்டே. யார் பார்த்தாலும் கதவு அவர் முழங்கைக்குப் பக்கத்தில் என்றுதான் சொல்வார்கள். தாவூத் அன்றைக்குச் சொன்னதும் இதைப் பார்த்துத்தான்.

"இந்த போட்டோ எனக்குப் புடிக்காது சார். அவரு அவராவே இல்ல. யாரோ அவரு தம்பி மாதிரி கீறாரு. அவருக்குத் தம்பியே கெடையாது."

இறந்தவர்களின் படத்தைப் பற்றி எல்லோரும் இப்படி ஏதாவது சொல்வது உண்டு. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வேலையைத் தொடங்கினேன். ஆபீஸ் விட்டு வந்ததும் டைனிங் டேபிளில் பாதி எனக்கு. தயிர் டப்பாவைப் பிளந்து ரேக்கின் தகடுகள். மாத்திரைப் பட்டையின் ஈயத்தாளில் நாற்காலியின் பெல்ட். கிட் துண்டுகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் கம்பியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தால் நூலாக நீளும். அது சுவரில் ஓடும் குழாய்க்கு. எக்ஸ்ரே பிலிமைக் கழுவி ஜன்னல் கண்ணாடி. டெலிபோன் கம்பி ரேக்கின் பின்னால்.

மற்ற சமயங்களில் இந்த வேலை என்னைச் சாந்தப்படுத்தும். இந்த முறை அப்படி இல்லை. காரணம் ஜஹனாரா. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார். பூத்தை யாரிடமாவது விட்டுவிட்டு வந்திருப்பார், அதனால் உட்காரமாட்டார். உட்கார்ந்தாலும் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். சின்ன நாற்காலியைக் கையில் எடுப்பார், வைப்பார். மறுபடி எடுப்பார்.

"ஆச்சா சார்?"

"இல்லம்மா. இன்னும் சுவரே வரல."

"இதுல அவர உக்கார வெப்பீங்களா?"

"ஆள் வைக்கறது வழக்கம் இல்ல. காலி நாற்காலிதான்."

"அதான் நல்லது" என்று எழுந்து ஜன்னலுக்குப் போவார். அங்கிருந்து சமையலறைக்கு. என் மனைவி பிரபாவதி கொடுக்கும் காபியை நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரை வைத்த கையோடு, "வரேன் அக்கா, கஸ்டமர் நின்னுகினு இருப்பாங்க" என்று ஓடுவார். அவர் போன பிறகு என் முட்டியும் ஆடிக்கொண்டிருப்பதைப் பிரபாவதிதான் கண்டுபிடித்தாள்.

"காலை ஆட்டாதீங்க. டேபிளே ஆடறது. அப்புறம் பசை தப்பா ஒட்டிடுத்துன்னு என்னைத் திட்டுவீங்க."

சுவர் வேலைக்கு வந்தபோது தகராறு ஆரம்பித்தது. போட்டோவில் அஹத்தின் தோளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சுவர் தொடர்ந்து போகிறது; அதில் கதவின் விளிம்பு எங்கேயும் இல்லை. கிட்டின் இடது பாதியில் அதே இடத்தில் ஜன்னல் கிடையாது. அங்கேதான் கதவு. நாற்காலியைப் போட்டோவில் உள்ள இடத்தில் வைத்தால் அது கதவுத் திறப்புக்குள் போய்க் கவிழ்கிறது. முன்னால் தள்ளினால் காக்பிட்டுக்கும் ரேக்குக்கும் நடுவில் போட்டோவில் இருக்கும் தூரம் வரவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. ஒரு இடம் பொருந்தவில்லை என்றால் முதல் சந்தேகம் கிட்மேல்தான். அச்சு செய்தவன் சோம்பேறி, அளவு எடுக்கத் தெரியாதவன். போட்டோ பொய் சொல்லாது. அதிலும் இந்தப் போட்டோவில் இருக்கும் விமானம் சர்வேக்காக மாற்றி அமைத்தது. கதவைப் பின்னால் தள்ளியிருப்பார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கதவின் முன் பாதியைப் புட்டி எனும் அடைப்பு மாவு வைத்து அடைத்தேன். அதில் ஜன்னல் வெட்டினேன். பின்பக்கம் கதவை அகலப்படுத்த அரத்தால் ராவினேன். வால் சரிவு குறுக்கே வந்தது. கதவு கோணலாயிற்று. மறுபடி புட்டி. மறுபடி உப்புத்தாள். டேபிள் எல்லாம் வெள்ளைத் தூள்.

"கிட்டு பண்ணினவன் மடையன்" என்றாள் பிரபாவதி, தூளைத் துடைத்துக்கொண்டே. "பிளேன் பண்ணினவனும் மடையன். நீங்க ஒருத்தர்தான் புத்திசாலி."

"உனக்குத் தெரியாது. சும்மா இரு."

"எனக்கு என்ன தெரியும். ஆனா அந்தப் பொண்ணு வந்து கதவு எங்கேன்னு கேட்டா, நீங்க ராவிவச்ச இடத்தையா காட்டுவீங்க?"

அது சுருக்கென்று தைத்தது. கதவு எங்கே என்று பார்க்கத்தான் அவர் கேட்டார். நானோ போட்டோவுக்கு ஏற்றபடி கதவை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சுவரை அப்படியே விட்டுவிட்டு மீட்டர் வேலையை எடுத்தேன். மனசு சரியில்லாத போது செய்ய நல்ல வேலை அது. கறுப்பு மை தடவிய பிலிமில் ஊசியால் கீறினால் கோடு வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொரு மீட்டருக்கும் வட்டம், முள், முள் நிற்கும் கோணம். லென்ஸ் வைத்துப் போட்டோவைப் பார்த்து முதல் மீட்டரைக் கீறினேன். முள் வலது பக்கம் கீழே படுத்திருந்தது. இரண்டாவதும் வலது பக்கம். மூன்றாவதும்.

ஊசியைக் கீழே வைத்தேன். விமானம் தரையில் நிற்கும்போது எடுத்த படம், கருவிகள் ஓடவில்லை. ஓடாத மீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்கும். பூஜ்யம் இடது பக்கம் இருக்கும். எங்கள் வீட்டு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் முதல் ஆபீஸ் பேனல் வரை நான் பார்த்த எல்லாவற்றிலும் அப்படித்தான்.

டிராயிங் ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. டிரேசிங் ஷீட்டைக் கவிழ்த்துப் போட்டு பிரிண்ட் எடுத்துவிடுவார்கள். கோடெல்லாம் சுத்தமாக வந்திருக்கும். இடது மட்டும் வலதாகியிருக்கும். எழுத்து இருந்தால் உடனே தெரியும். எழுத்து இல்லாத படமாக இருந்தால் ஒர்க்‌ஷாப் வரை போய், இரும்பை வெட்டிய பிறகுதான் தெரியும்.

போட்டோவை மறுபடி பார்த்தேன். அஹத்தின் சட்டைப்பையில் ஒரு பேனா. பை அவருடைய வலது மார்பில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியவில்லை. மறுநாளே பூத்துக்குப் போனேன். கூட்டமாக இருந்தது. "ஒரு விஷயம் சொல்லணும். வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அது தப்பு. பின்னாலேயே பூத்துக்கு ஷட்டரை இழுத்துவிட்டு வந்துவிட்டார்.

"இன்னா சார்? முடியாதா? ஒடஞ்சி போச்சா?"

பிரபாவதியிடம் குளியலறையில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிவரச் சொன்னேன். போட்டோவை அதற்கு எதிரே பிடித்தேன்.

"கண்ணாடிக்குள்ள பாருங்க."

ஜஹனாரா குனிந்தார். ஆடிக்கொண்டிருந்த எல்லாம் நின்றது. முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"இதுதான் அவரு" என்றார். "அக்கா, இதுதான் அவரு. வகிடு இந்தப் பக்கம். இந்தக் கண்ணு கொஞ்சம் சின்னது, இதோ."

ஸ்டுடியோவில் நெகடிவைப் பின்பக்கம் திருப்பி வைத்து பிரிண்ட் போட்டிருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் விளக்கினேன். விமானத்தின் வலது பாதியை எடுத்தேன். அதை நான் தொடவே இல்லை. கிட் கொடுத்தபடியே இருந்தது. நாற்காலியைச் சாமணத்தால் இடுக்கிப் பிடித்து வைத்தேன். தோளுக்குப் பின்னால் ஜன்னல் வந்தது. பக்கத்தில் அடுத்த ஜன்னல். தரையின் நடுவில் ரேக்கை நிறுத்தினேன். இடது பாதியைச் சேர்த்துப் பிடித்தேன். கதவு, ரேக்குக்கு அந்தப் பக்கம்.

"அப்ப கதவாண்ட இல்ல."

"இல்லம்மா. எதிர்ப் பக்கம். நடுவுல இந்த ரேக். தரையோட போல்ட் போட்டது. சுத்தி வர வழி ரொம்பக் குறுகல். எஞ்சின் ரெண்டும் முன்னால இருக்கறதால தண்ணியில மூக்குதான் முதல்ல அமுங்கும். வால் பக்கம் தூக்கும். ரேக்கைச் சுத்திக் கதவுக்கு வரணும்னா சரிவுல ஏறி வரணும்."

அவர் சாமணத்தை என் கையிலிருந்து வாங்கினார். நாற்காலியை எடுத்து இடது சுவரில் வைத்துப் பார்த்தார். நான் புட்டி அடைத்த இடத்தைத் தாண்டியதும் அது கதவுத் திறப்பில் கவிழ்ந்தது. மறுபடி வைத்தார். பிறகு வலது பக்கத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே நின்றது.

"வர பாத்திருப்பாரு."

"அது எனக்குத் தெரியாதும்மா. எங்க உட்கார்ந்திருந்தார்னு மட்டும்தான் இது சொல்லும்."

"நீங்க சொல்ல வேணாம் சார். அத நான் சொல்லிக்கிறேன்." எழுந்துவிட்டார். "கெளம்புங்க. செங்கல்பட்டு போலாம்."

"இப்பவேயா? பசையே காயல. ஞாயித்துக்கெழம போலாமே, ரேக்கை சரியா ஒட்டிட்டு..."

"பதிமூணு வருஷமா காஞ்சிகினுதானே சார் கீறேன்."

பிரபாவதி என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். அவளும் கூட வந்தாள்.

இனிப்பு வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்து, இரண்டு பாதிகளையும் நாற்காலியையும் ரேக்கையும் படுக்க வைத்தேன். திருக்கழுக்குன்றம் வழி பஸ். பெட்டி ஜஹனாராவின் மடியில். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் நான் பெட்டியை எட்டிப் பார்த்தேன். அவர் பெட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கண்டக்டர், "உள்ள இன்னாம்மா, பாம்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். யாரும் சிரிக்கவில்லை.

ஷேக் தாவூத்தின் இரும்புக்கடைக்குப் பின்னாலேயே வீடு. லுங்கியும் பனியனுமாக வந்தவர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வயதுக்கு மீறித் தளர்ந்த மனிதர். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். டீக்குக் குரல் கொடுத்தார். ஜஹனாரா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்ததை அவர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். ஹால் சுவரில் அதே போட்டோ, பிளாஸ்டிக் பூமாலையோடு.

பெட்டியைத் திறந்து பாயில் வைத்தேன்.

"இன்னா இது, புள்ளைங்க வெளாட்ற சாமான்?"

"அவரு போன பிளேனு மச்சான்" என்றார் ஜஹனாரா.

நான் விளக்கினேன். நெகடிவ், மீட்டர் முள், ஜன்னல், எல்லாம். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"சார், நீங்க படிச்சவரு. வூட்டுக்கு வந்திருக்கீங்க, மரியாதயா பேசறேன். கம்பெனிக்காரன் சொன்னான் கதவு எடது பக்கம்னு. போட்டோல அவனும் எடது பக்கம்தான் கீறான். இத்தினி வருஷம் கழிச்சி பிளாஸ்டிக்க வெட்டி ஒட்டி எடுத்தாந்து, இல்ல வலதுன்றீங்க. ஒட்டறவன் எங்க வேணா ஒட்டலாம்."

அது நியாயமான சந்தேகம்தான். என் புட்டி பூசிய இடது பாதியே அதற்குச் சாட்சி.

"சார் ஒட்ட வேணாம். நீங்க வைங்க" என்றார் ஜஹனாரா. "உங்க கையால வைங்க மச்சான். எங்க நிக்குதுன்னு பாருங்க."

சாமணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இரும்பு தூக்கித் தூக்கித் தடித்த விரல்களாலேயே நாற்காலியை எடுத்து இடது சுவரில் வைத்தார். போட்டோவை நிமிர்ந்து பார்த்து, இன்னும் பின்னால் நகர்த்தினார். அது கதவு வழியாகப் பாயில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. ரேக்கை எடுத்து அதற்கு முட்டுக் கொடுக்கிறவர்போல அழுத்தினார். மெல்லியதாக ஒரு சத்தம். ரேக்கின் கால் ஒன்று ஒடிந்து எங்கோ தெறித்தது.

"ஐயோ" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவர் எழுந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவருக்கு அருகில் போனார். பிளாஸ்டிக் மாலையை ஒதுக்கினார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையைத் தொட்டார். கையை மாற்றி மறு மார்பைத் தொட்டார். அங்கே பை இல்லை. திரும்பி வந்து பாயில் ஜஹனாராவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான்தானே போட்டோ போட்டு வாங்கிகினு வந்தேன்."

டீ வந்தது. அப்படியே இருந்தது.

"உனக்கு ஒண்ணு சொல்றேன் ஜஹனாரா. கோவிச்சிக்காத. உம்மேல பழி போடணும்னு நான் அன்னிக்கி சொல்லல. வர மனசில்லன்னா, அவன் சும்மா உக்காந்துகினே போயிட்டான்னு அர்த்தம். கண்ண மூடிகினு. கஷ்டப்படாம. நான் அப்படித்தான் நெனச்சிகினேன். அத வெச்சிகினுதான் தூங்கறேன். இப்ப நீ வந்து, அந்த இரும்ப சுத்திகினு, இருட்டுல, தண்ணியில, கதவத் தேடிகினு வந்தான்ற. இத்த நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?"

"எங்கிட்ட குடுங்க" என்றார் ஜஹனாரா. குரல் ஒரே சீராக இருந்தது. "எனக்கு அது வேணும் மச்சான். நீங்க வேணான்னு நெனைக்கறது எதுவோ அதுதான் எனக்கு வேணும். அவரு வூட்டுக்கு வர பாத்தாரு. நான் வராதன்னு சொன்னப்பறமும் வர பாத்தாரு."

தாவூத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாமிகிட்ட போய் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னத நம்புனவங்க. நீங்களே மாத்தி சொல்லுங்க."

"அம்மாவுக்கு முடியல. படுத்துகினு கீறாங்க."

"படுத்துகினே கேக்கட்டும்."

உள் அறைக்கு ஒரு திரை தொங்கியது. தாவூத் அதன் எதிரே போய் நின்றார். கையைத் தூக்கினார், இறக்கினார். கடையில் யாரோ ஆணி கேட்டுக் கூப்பிட்டார்கள். அதைச் சாக்காக வைத்துப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் பேசுவது முணுமுணுப்பாகத்தான் கேட்டது. கிழவியின் குரல் ஒருமுறை "இன்னாடா சொல்ற?" என்று உயர்ந்தது. மறுபடி முணுமுணுப்பு. ஜஹனாரா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பிரபாவதி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஜஹனாரா." உள்ளே இருந்து கிழவியின் குரல். "எங்கடி இருக்க? உள்ள வா."

அவர் பெட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிரபாவதிதான் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போம்மா."

திரை விழுந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. பாயில் முட்டி போட்டு, ஒடிந்த ரேக்கின் காலைத் தேட ஆரம்பித்தேன். தயிர் டப்பாவில் வெட்டியது, ஒரு கடுகைவிட நீளம் அதிகம், அவ்வளவுதான். கோரைப்பாயின் இடுக்கில் போயிருந்தால் கிடைக்காது.

தாவூத் வெளியே வந்தார். கண்ணைத் துடைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"இன்னா தேட்றீங்க?"

"ரேக்கோட கால். ஒடிஞ்சதே, அது."

அவரும் முட்டி போட்டார். உள்ளங்கையை விரித்துப் பாயின்மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். இரும்புக்கடைக்காரர்கள் சிந்திய ஆணியைத் தேடும் விதம் அது. உள்ளே ஜஹனாரா வேகவேகமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே கிழவி "ம்" என்றாள். தாவூத் கையைத் திருப்பிப் பார்த்தார். வியர்வையில் ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளைத் துணுக்கு.

"இதுவா?"

"அதுதான்."

"எங்க வரும்?"

வலது பாதியைத் திருப்பி, நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில், தரையில் இருந்த அடையாளத்தைக் காட்டினேன். அவர் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அந்த இடத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"பசை வெச்சிருக்கீங்களா?"

"பையில இருக்கு. வீட்டுக்குப் போய் நிதானமா ஒட்டிக்கறேன்."

"இல்ல. இங்கயே ஒட்டுங்க" என்றார். "நான் புடிச்சிக்கிறேன். ஆடாம ஒட்டுங்க. அது அங்கதான் இருந்துச்சு."